வேடம் கட்டும் கலையும் விளையாட்டு யந்திரமும்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளுள், ஆடுகிறவர் ஒரு கதாபாத்திரத்தைத் தாமே ஏற்று, அதன் குணதோஷங்களையும் கடமைகளையும் சுமந்துகொண்டு ஒரு கற்பனை உலகத்தில் நெடுநேரம் வாழ்ந்து பார்க்கும் வகை ஒன்று உண்டு. இளைஞர்கள் 'ஆர்.பி.ஜி.' என்று சுருக்கமாகச் சொல்லும் இவ்வகையைக் குறித்து ஒரு தர்க்கம் வெகுகாலமாக நடந்து வருகிறது. மழை நின்ற தெருவில் விளக்கொளி சிதறுவதும், குதிரையின் பிடரிமயிர் இழை இழையாகக் காற்றில் அசைவதும், ஒரு முகத்தின் கண்ணோரத்தில் ஈரம் கட்டுவதும் யந்திர சக்தியினாலேயே சாத்தியமாகின்றன. ஆகையால் அந்தச் சக்தி வளர வளர விளையாட்டும் வளர்கிறது என்பார் ஒரு சாரார். எத்தனை ஒளி பாய்ச்சினாலும் கதையும் பாத்திரமும் ஆட்டத்தின் விதிகளும் செவ்வையாக வகுக்கப்படாவிட்டால் அவ்வளவும் வீண் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே சமரசம் பேசி, இரண்டும் வேண்டும் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் அது விசாரணையாகாது. கற்பனையே தலைமை வகிக்க வேண்டியது, யந்திர பலம் அதன் சொல் கேட்டு நடக்க வேண்டியது என்பதும், அந்தப் பலம் உண்மையாகவே இன்றியமையாததாக இருக்கும் இடம் பெரும்பாலோர் தேடுகின்ற இடமன்று என்பதும் என் துணிபு. அதை நிறுவத் தருமபுரி ஜில்லாவைக் காட்டிலும் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை.

தருமபுரி விளையாட்டு நிறுவனங்களுக்குப் பெயர்போன ஊரன்று. 1965ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரியைத் தன்னிலிருந்து பிரித்துக் கொடுத்த இந்தப் பிரதேசத்தை வெளியூரார் ஒகேனக்கல் அருவியைக் கொண்டும், மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிற ஜனங்களைக் கொண்டுமே பெரும்பாலும் அறிந்திருக்கிறார்கள். ஆயினும் ஒருவர் தம்மை மறந்து இன்னொருவராக நிற்பது என்றால் என்ன என்பதை இங்குள்ள கிராமத்தார் பல தலைமுறைகளாக அறிவார்கள். திரௌபதியம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில், பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் விரிக்க, இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கிறது. அந்தக் கூத்தை வெறும் பொழுதுபோக்காகவோ, அருகிவரும் பழங்கலையாகவோ மட்டும் காண்பவர்கள், வேடம் ஏற்றலைப் பற்றிய ஒரு முழுமையான சாஸ்திரம் அதற்குள் இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

துரியோதனன் சபைக்கு வரும் விதத்தை நோக்குவோம். இருவர் ஒரு துணித் திரையை ஏந்தி நிற்கிறார்கள். அதற்குப் பின்னால் வேஷக்காரர் நிற்கிறார். கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரிகிறது, திரைக்குக் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. அவர் திரைக்குள்ளிருந்தே பாட, பின்பாட்டுக்காரர்கள் அந்தப் பாட்டை ஏந்திக்கொள்ள, முகவீணை மேலேறி மத்தளம் நெருங்கி அடிக்க, சபையின் ஆவல் முற்றிய தருணத்தில் திரை விலகுகிறது. உடனே கட்டியக்காரன் குறுக்கிட்டு, வந்திருப்பது யார், எந்தத் தேசத்து ராஜா, என்ன காரியமாக எழுந்தருளினீர் என்று விசாரிக்க, வேஷக்காரர் தம் குலத்தையும் கீர்த்தியையும் மனத்திலுள்ள குறையையும் தாமே எடுத்துச் சொல்லுகிறார். கணினி விளையாட்டின் தொடக்கத்தில் பெயரும் குலமும் தொழிலும் தேர்ந்து பாத்திரத்தைப் படைக்கும் கட்டம் ஒன்று வருமே, அதற்குச் சமானமான கட்டம் இது. ஆனால் இங்கே அந்தக் காரியம் ஒரு படிவத்தை நிரப்புவதாக நடக்காமல், சபையார் முன்னிலையில் ஒரு பிரதிக்ஞையாக நடக்கிறது. இதற்குத் தேவைப்பட்ட யந்திரம் ஒரு முழத் துணிதான்.

பார்வையாளருக்கும் வேடம் உண்டு என்பது இக்கலையின் இன்னொரு நுட்பம். அர்ச்சுனன் தபசு நாளில் உயர்ந்த பனைமரத்தின்மேல் வேஷக்காரர் ஏறிப் பாடுகையில், கீழே நிற்கும் பெண்கள் அவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் பிள்ளை வரம் வேண்டி முந்தானையில் ஏந்துகிறார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, அதைச் சூழ்ந்து நிற்கும் ஊரே குருக்ஷேத்திரமாகிவிடுகிறது. திரௌபதி கூந்தலை முடித்துக்கொள்ளும் கணத்தில் அழுகிறவர்கள் நாடகத்தைப் பார்த்து அழுவதாக நினைப்பதில்லை. தமக்கும் அந்தச் சபதத்தில் பங்கு இருந்ததாகவே நினைக்கிறார்கள்.

கூத்துக்கும் யந்திர சக்தி வந்து சேர்ந்தது. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது, அது போய்க் குழல்விளக்கும், பிறகு பல வர்ண மின்விளக்குகளும் வந்தன, ஒலிபெருக்கி வந்தது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் வசனம் கேட்கிறது என்பது சாமானியமான லாபமன்று. ஆனால் மேலிருந்து தொங்கும் மைக்குக்கு முன்னால் வந்து நின்று பாட வேண்டிய நிர்ப்பந்தத்தினால் ஆட்டத்தின் வட்டம் குறுகியதும் உண்மை. இந்த லாபநஷ்டக் கணக்கை எப்படிக் கூட்டிக் கழித்தாலும், கர்ணமோட்சத்தில் வரும் கர்ணன் மின்விளக்கினால் மேலான கர்ணன் ஆகவில்லை. அவன் சாகப்போகிறான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கவசகுண்டலத்தைக் கேட்டு வந்தவன் இந்திரன் என்று அறிந்தும் கொடுக்கிறான். நாகாஸ்திரத்தை மறுமுறை தொடுப்பதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுக்கிறான். ஒவ்வொரு கொடையும் அவனை மரணத்துக்கு ஒரு படி அருகே கொண்டுபோகிறது. தன் குணத்தின் விலையைத் தானே செலுத்தும் ஒருவனோடு ஊரார் விடியும்வரை விழித்திருக்கிறார்கள். முடிவை மாற்றும் சுதந்திரமே பாத்திரமேற்கும் விளையாட்டின் உயிர் என்று இக்காலத்தவர் பலர் கூறுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. செய்த காரியத்தின் பலன் செய்தவரையே வந்து அடைதலும், அதைத் தப்பிக்காமல் அவர் சுமத்தலுமே அதன் உயிர்.

மேல்நாட்டில் இவ்வகை விளையாட்டு பிறந்தபோதும் யந்திரம் இருக்கவில்லை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்துக்குக் காகிதமும் பென்சிலும் பகடையுமே கருவிகள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்த நண்பர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல, ஒருவர் நடுவராக இருந்து விளைவை அறிவிப்பார். கணினி பிற்பாடு அந்த நடுவரின் ஆசனத்தில் அமர்த்தப்பட்டது. கணக்குப் போடுவதில் அது மனிதரை மிஞ்சியது. கேளாத கேள்விக்கு விடை சொல்லும் சாமர்த்தியம் மட்டும் அதற்கு வரவில்லை. அந்தக் குறையை எவ்வாறு மறைப்பது, எவ்வாறு ஈடுசெய்வது என்பதே ஐம்பது ஆண்டுகளாக இக்கலையில் உழைப்பவர்களின் கவலையாக இருந்து வருகிறது.

அந்தக் கவலைக்கு மிக நேர்த்தியாக விடை கண்டவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். 1985இல் அவர் வெளியிட்ட 'அல்டிமா' வரிசையின் நான்காம் பாகம், ஓர் அரக்கனைக் கொல்வதை இலட்சியமாக வைக்கவில்லை. சத்தியம், தயை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேர்ந்து 'அவதாரம்' ஆவதையே இலட்சியமாக வைத்தது. நம் தேசத்துச் சொல் ஒன்று அமெரிக்கச் சிறுவர்களின் வீட்டுக் கணினிக்குள் போய்ச் சேர்ந்த விதம் அது. அவ்விளையாட்டில் மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்கும் வியாபாரி கண் பார்வையற்றவர். பூண்டும் கந்தகச் சாம்பலும் கருமுத்தும் எடுத்துக் கொடுத்து, விலை இவ்வளவு என்று சொல்லிக் கையை நீட்டுவார். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை நாமே எண்ணிப் பதிக்க வேண்டும். நூறு கேட்டால் ஒன்று கொடுத்தாலும் வியாபாரம் முடிந்துவிடும். மணி அடிப்பதில்லை, காவலன் ஓடி வருவதில்லை, திரையில் ஓர் எச்சரிக்கைகூடத் தோன்றுவதில்லை. வெகுநேரம் சென்றபின், சத்தியம் என்னும் குணத்தில் நாம் ஏன் தேறவில்லை என்று ஒரு ஞானி கடிந்துகொள்ளும்போதுதான், எந்த இருட்டில் எந்தக் காசைத் திருடினோம் என்பது நினைவுக்கு வரும். அந்த வியாபாரியின் உருவம் திரையில் விரல்நகத்தின் அளவுகூட இல்லை. அதை ஓட்டிய ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றைத் தாங்கவும் போதாது. ஆடுகிறவரின் மனச்சாட்சியை ஆட்டத்தின் களமாக்கியது ஒரு மனிதரின் யோசனை; அந்த யோசனைக்கு அதைவிடப் பெரிய யந்திரம் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனது 'டாகர்ஃபால்'. பெதஸ்டா நிறுவனம் 1996இல் வெளியிட்ட அவ்விளையாட்டில், கணக்கு விதிகளைக் கொண்டு யந்திரமே உண்டாக்கிய ஊர்களும் கோட்டைகளும் நிலவறைகளும் 15,000 இருந்தன. அதன் நிலப்பரப்பு பிரிட்டன் தேசத்துக்கு நிகரானது என்று பிரசித்தம் செய்தார்கள். யந்திர சக்தியின் வெற்றி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பத்து ஊர் பார்த்தவருக்குப் பதினோராம் ஊரில் காண்பதற்கு ஒன்றுமில்லை. எந்தச் சத்திரக்காரனும் இன்னொரு சத்திரக்காரனே. அந்நிறுவனத்தாரே ஆறு ஆண்டுகள் கழித்து 'மாரோவிண்ட்' என்ற அடுத்த பாகத்தை ஒரு தீவின் எல்லைக்குள் அடக்கி, மரமும் குடிசையும் கையால் வைத்து அமைத்தார்கள். பரப்பு எத்தனையோ மடங்கு சுருங்கியது. மக்கள் அந்தத் தீவை இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதும் முடிவில்லாத உரையாடலைக் கொண்டு இனிமேல் எல்லாப் பாத்திரங்களையும் பேசவைத்துவிடலாம் என்று உற்சாகம் கொண்டிருப்பவர்கள், டாகர்ஃபாலின் சத்திரங்களை ஒருமுறை சுற்றி வருவது நல்லது.

இவ்வளவு சொன்னதால் யந்திர பலத்தை நான் இகழ்வதாகக் கொள்ளலாகாது. எதிர்க்கட்சிக்கு உள்ள வலுவான சாட்சியங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேண்டஸி'யின் ஏழாம் பாகத்தை 1997இல் வெளியிட்டபோது, நெடுநாள் உறவு பூண்டிருந்த நின்டெண்டோவை விட்டுச் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மாறியதற்கு முக்கியமான காரணம், தன் கதைக்கும் காட்சிகளுக்கும் வேண்டிய இடம் குறுந்தகட்டில் இருந்ததும் நின்டெண்டோவின் கார்ட்ரிட்ஜில் இல்லாததுமே. மூன்று தகடுகளில் அது வந்தது. ஆயினும் அவ்விளையாட்டைப் பற்றி உலகம் இன்றும் பேசுவது ஏரித் என்னும் பெண்ணின் மரணத்தையே. அவள் முகம் சில முக்கோணங்களைச் சேர்த்து ஒட்டிய பொம்மை முகம், கைகள் கட்டைகள். இருந்தும் அந்த மரணம் ஏன் வருத்துகிறது? பல மணி நேரம் அவளை நம்முடன் அழைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். நம் காயங்களை ஆற்றும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவளுக்காக நல்ல ஆயுதம் தேடி வாங்கியிருக்கிறோம். அடுத்த போரில் அவள் நின்ற இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடத்தோடேயே ஆட்டத்தைத் தொடர வேண்டியிருக்கிறது. குறுந்தகடு அந்தக் காட்சிக்கு அழகு தந்தது. துக்கத்தைத் தந்தது ஆட்டத்தின் விதி.

இதைவிட நெருக்கமாக யந்திரமும் கற்பனையும் கைகோத்த இடம், பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகம். நடிகர்களின் குரலையும் உடலசைவையும் முகபாவத்தையும் பதிவு செய்து, ஆடுகிறவர் எடுக்கக்கூடிய கணக்கற்ற முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாத்திரங்கள் முகம் சுளிக்கவும் மனம் நெகிழவும் செய்திருக்கிறார்கள். இருபது முகமுள்ள பகடை ஒன்று முக்கியமான தருணங்களில் திரையின் நடுவே உருண்டு விழுகிறது. 1974ஆம் ஆண்டின் மேஜைப் பகடையேதான். அங்கே செலவான பெரும் யந்திர சக்தி முழுவதும் ஒரே கேள்விக்கு விடையாகச் செலவாயிற்று: நீ இதைச் செய்தால் உன்னுடன் இருப்பவர்கள் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சக்தி தன் எஜமானை அறிந்து உழைத்ததற்கு இது உதாரணம்.

யந்திரம் தவறினால் கற்பனை என்னவாகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10ஆம் தேதி 'சைபர்பங்க் 2077'ஐ வெளியிட்டபோது, பழைய பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அது தடுமாறி நின்றுபோயிற்று. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை அகற்ற நேர்ந்தது, மறுஆண்டு ஜூன் மாதம்தான் அது திரும்பி வந்தது. நல்ல எழுத்து அதற்குள் இருந்தது. ஆனால் அதைப் படிக்க முடியவில்லை. ஆகவே யந்திரத்துக்கு ஒரு வாசற்படி உண்டு. அந்தப் படியைத் தாண்டாமல் எந்தக் கற்பனையும் உள்ளே வர இயலாது. படியைத் தாண்டியபின் மேலும் மேலும் படியையே உயர்த்திக்கொண்டிருப்பதால் வீடு பெரிதாவதில்லை. சைபர்பங்குக்கு முந்திய ஆண்டில் எஸ்தோனியாவைச் சேர்ந்த எழுத்தாளர் குழு ஒன்று வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்', வாள்வீச்சுக் களம் ஒன்றுகூட இல்லாமல், நாயகனின் மனத்துக்குள் ஒன்றோடொன்று வாதாடும் 24 திறன்களைக் கொண்டே நடந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

நம் தேசத்துக்கு வருவோம். புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி', கண்ணுக்கு அழகான சித்திர வேலைப்பாடு உடையது. ஆனால் அது பாத்திரமேற்கும் வகையைச் சார்ந்ததன்று, சாகச வகையைச் சார்ந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பைரோடாக்டைல் என்ற சிறிய இந்தியக் குழு, பொதுமக்களிடம் நிதி திரட்டி 'அன்ரெஸ்ட்' என்ற ஆர்.பி.ஜி.யை வெளியிட்டது. பஞ்சத்தில் வாடும் ஒரு புராதன இந்திய நகரம் அதன் களம். அதில் நாம் மகாவீரனாகப் பிறப்பதில்லை. விருப்பமில்லாத விவாகத்துக்கு நிச்சயிக்கப்பட்ட குடியானவர் வீட்டுப் பெண்ணாகவும், ஓர் இளவரசியாகவும், அந்நகரத்துக்கு வந்திருக்கும் நாகர்களின் தூதராகவும் மாறி மாறி வேடம் ஏற்கிறோம். சண்டை மிகச் சொற்பம், பேச்சே பெரும்பகுதி. படங்கள் தட்டையானவை, அசைவுகள் எளியவை. உலகச் சந்தையில் அது பெரிய ஆரவாரம் எழுப்பவில்லை. ஆயினும் ஜாதியும் பசியும் தகப்பன் சொல்லும் ஒரு பெண்ணின் தேர்வை எவ்வளவு ஒடுக்குகின்றன என்பதை, அவளாகவே நின்று உணர வைத்த அந்த முயற்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இந்தியாவில் இவ்வகை விளையாட்டு எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை அது முன்னதாகவே காட்டியது.

கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் தாயாக நின்று சமைப்பதே அதன் ஆட்டம். கண்டிப்பான இலக்கணப்படி அதை ஆர்.பி.ஜி. என்று சொல்ல முடியாது. ஆனால் பாத்திரமேற்றலின் சாரம் அதில் உண்டு. தாயார் எழுதிவைத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் பரவும் என்பதை, விட்டுப்போன வரிகளை ஊகித்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். தாய்நாட்டை விட்டு வந்தவளின் நினைவிழப்பு, இவ்வாறு ஓர் அடுக்களைப் புதிராக நம் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சிறு விளையாட்டுக்குப் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம் 2024இல் அறிமுக விளையாட்டுக்கான விருதை அளித்தது.

இப்போது யந்திர பலத்தின் உண்மையான இடத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். தருமபுரி பஸ் நிலையத்திலும் கல்லூரி வாசலிலும் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கையில் இருப்பது அதில் சிறு பங்கு விலையுள்ள கைப்பேசி. 'ஃப்ரீ ஃபயர்' போன்ற துப்பாக்கி விளையாட்டுகள் கிராமந்தோறும் பரவியதற்கு, அவை குறைந்த நினைவகமுள்ள கைப்பேசியிலும் ஹேங் ஆகாமல் ஓடியது பெரிய காரணம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தபின்னும் அந்தப் பாடம் செல்லுபடியாகிறது. எளிய கருவியில் தடுக்கி விழாமல் ஓடச் செய்வது, இலையை இலையாக அசையச் செய்வதைவிடக் கடினமான தொழில்நுட்பம்; அதற்கு நம்மவர் மத்தியில் உரிய மரியாதை கிடைப்பதில்லை.

அதனினும் முக்கியமானது எழுத்து. ஆர்.பி.ஜி. என்பது பெரும்பாலும் வாசிக்கும் விளையாட்டு. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் திரையில் வரிகளாக வருகின்றன. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. கணினியின் யூனிகோட் வரிசையிலோ ககரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன. 'கொ' என்னும்போது ஒரே குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக மெய்யை அணைக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்து தரும் நிரல் விளையாட்டு என்ஜினுக்குள் இல்லாவிட்டால், 'கொற்றவை' என்ற திருநாமம் திரையில் உறுப்புச் சிதைந்து விழும். ரோமன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட என்ஜின்களில் பல ஆண்டுகள் இந்நிலையே இருந்தது. தமிழில் எழுத விரும்பியவர்கள் எழுத்துருவைத் திருகியும், சொற்களைப் படமாக வரைந்து ஒட்டியும் சமாளித்தார்கள். எவரும் இலவசமாக எடுத்து ஆளக்கூடிய கோடோ என்ஜின், 2023 மார்ச்சில் வெளிவந்த தன் நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலை உள்ளே சேர்த்துக்கொண்டதனால் இந்தத் தடை பெருமளவு நீங்கிற்று. நீரில் தெரியும் வானத்துக்காகச் செலவிடப்பட்ட உழைப்பில் சொற்பம் இந்தக் கொம்புக்கும் காலுக்கும் முன்னமே செலவிடப்பட்டிருந்தால், தமிழில் பேசும் ஆர்.பி.ஜி. பல ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறந்தால் அது எதைப் பற்றியதாக இருக்கலாம்? சங்ககாலத்துத் தகடூர் இன்றைய தருமபுரியே. அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறுதற்கரிய நெல்லிக்கனி ஒன்றைப் பெற்று, அதை உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்பதை வெளியிடாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு அவ்வையாருக்குக் கொடுத்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு சொல்லுகிறது. இன்றைய விளையாட்டுகளில் ஒரு பழம் கிடைத்தால் அதன்மேலேயே 'ஆயுள் இத்தனை கூடும்' என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதால் அதைப் போர்வீரனாகிய நமக்கே வைத்துக்கொள்வோம். வாளெடுக்காத ஒரு புலவருக்கு அதைக் கொடுப்பதும், கொடுத்ததன் அருமையைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதும் எந்தக் கணக்கிலும் லாபமாக வராத தேர்வுகள். பிற்பாடு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிகிறான் என்பது சரித்திரம். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் சிதைந்து சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. கர்ணனைப்போலவே இங்கும் முடிவு முன்னமே தெரியும். அழியப்போகிற கோட்டைக்குள் நெடுங்காலம் வாழும் கனியைப் பிறருக்குக் கொடுக்கும் அந்தக் கணத்தை வகுக்கத் தெரிந்தவர், சிறந்த ஆர்.பி.ஜி. ஒன்றை வகுக்கத் தெரிந்தவரே.

அவ்வையார் அதியமானுக்காகத் தொண்டைமான் என்னும் அரசனிடம் தூது போன சந்தர்ப்பம் இன்னும் நுட்பமானது. புறநானூற்றின் 95ஆம் பாட்டின்படி, தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன; அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலைக்களத்துக் குடிலில் கிடக்கின்றன. புகழ்வதாகத் தோன்றும் சொல்லே இகழ்ச்சியும் எச்சரிக்கையுமாக நிற்கிறது. இதை விளையாட்டாக அமைக்கிறவருக்கு முதலில் வரும் சபலம், அந்த ஆயுதசாலையின் பளபளப்பைத் திரையில் காட்டுவதாகத்தான் இருக்கும். நெய் பூசிய இரும்பில் விளக்கொளி விளையாடுவதைக் காட்டக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மிஞ்சியது வேறில்லை. யந்திரத்துக்கு மிக எளிதாக வருவது எதுவோ அதையே அந்தப் பாட்டு சந்தேகிக்கிறது என்பதை அவர் கவனிக்க வேண்டும். அவ்வையாக ஆடுகிறவர் தூது புறப்படுமுன் தகடூரின் உலைக்களத்தை எட்டிப் பார்த்து, ஒடிந்த வேல்முனையைக் கண்டிருந்தாலன்றி, தொண்டைமான் சபையில் அந்த இரட்டைப் பொருள் வசனம் அவருக்குக் கிடைக்கலாகாது. பாராதவருக்கு வெறும் புகழ்ச்சியோ வெறும் மிரட்டலோதான் வாயில் வரும். புகழ்ந்தால் மன்னன் போருக்கே துணிவான், மிரட்டினால் மானத்துக்காகத் துணிவான்.

அவ்வை பேசி முடித்தபின் தொண்டைமான் என்ன மறுமொழி சொன்னான் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அவன் உட்பொருளை அறிந்து நாணினானா, அறிந்தும் அறியாதவன்போல் நடித்தானா, அருகிலிருந்த மந்திரி அறிந்து அவன் காதில் ஓதினானா, அல்லது புகழ்ச்சி என்றே எண்ணி மகிழ்ந்து பரிசில் கொடுத்தானா? விளையாட்டில் இந்நான்கையும் எழுதியாக வேண்டும். நான்கிலும் அவன் அரசனாகவே பேச வேண்டும். எந்த விடையைப் பெற்று அவ்வை திரும்பினாரோ அதை அதியமானின் சபை பின்னால் மறவாமல் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். அந்த மறுமொழிகளை எழுத உட்காருகிறவர்கள், தருமபுரிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரைத் தம்முடன் இருத்திக்கொள்வது நலம். ஏட்டில் இல்லாத குறுக்குக் கேள்வியைக் கட்டியக்காரன் நடுராத்திரியில் எழுப்பும்போது, பாத்திரம் பிசகாமல், தாளம் தவறாமல், அந்த இடத்திலேயே விடை சொல்லிப் பழகியவர் அவர்.